நெல்லைச் சேர்த்த ஆட்டத்தை ஏன் திட்டுறீங்க?



போன பதிவுல மல்லாட்டை விதைப்பு பத்தி எழுதினேன். இந்தத் தடவை ஒரு வீடியோ கேம் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. ஐம்பது வயசைத் தாண்டின விவசாயிக்கு வீடியோ கேம்ல என்ன வேலைன்னு கேக்கலாம். விஷயம் நெல்லு பத்தினது. அதனால நானும் நாலு வார்த்தை பேசலாம்னு நினைக்கிறேன்.

‘ஃபார்மிங் சிமுலேட்டர்’ என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது. டிராக்டர் ஓட்டணும், உழணும், விதைக்கணும், அறுக்கணும், வித்த காசுல அடுத்த எந்திரம் வாங்கணும். அவ்வளவுதான் ஆட்டம். சுவிட்சர்லாந்தில் உள்ள ஜயன்ட்ஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 2008-ல் முதல் பாகத்தைக் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு பாகம்னு வந்துக்கிட்டே இருக்கு. அதுல ‘25’ன்னு பேர் வச்ச பாகம் 2024 நவம்பர் 12-ல் வெளியானது. முதல் வாரத்துலயே 20 லட்சத்துக்கு மேல வித்துப்போச்சுன்னு கம்பெனியே சொன்னாங்க.

வித்த வேகத்துல சண்டையும் ஆரம்பிச்சிடுச்சு. பல வருஷமா ஆடுறவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டாங்க. “இதுக்கு முன்னாடி வந்த 22-ஏ போதும், இது பழைய சட்டையைத் தோய்ச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்பது ஒரு கட்சி. “இல்ல, இதுதான் இருக்கிறதுலயே நல்லது” என்பது இன்னொரு கட்சி. என் மகன் ரெண்டாவது கட்சி. அவனோட கூட்டாளிங்க பாதிப் பேர் முதல் கட்சி. நான் மகன் பக்கம். ஆனா அவன் சொல்ற காரணம் வேற, என் காரணம் வேற. அதைத்தான் எழுத வந்தேன்.

முதல்ல இந்த ஆட்டம் என் கண்ணுல பட்ட நேரத்தைச் சொல்லணும். அது ரொம்பக் கெட்ட நேரம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்தது போகவும் இல்ல, அங்கேயே உக்காந்துக்கிச்சு. எங்க மாவட்டத்து மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிச்சு. மரக்காணத்துல மூவாயிரம் ஏக்கருக்கு மேல உப்பளம் இருக்கு. அத்தனையும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. எது பாத்தி, எது வாய்க்கால்னு தெரியல. என் கழனியில சம்பாவுக்குப் போட்ட கோ 43 அப்பத்தான் பூ எடுத்திருந்தது. நெல்லு பூக்குற நேரத்துல நாலு நாள் முழுகி நின்னா என்ன ஆகும்னு பட்டணத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். தண்ணி வடிஞ்சதும் பயிர் நிமிந்து நிக்கும். கதிரும் இருக்கும். தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் ஆகாத மாதிரியே இருக்கும். கிட்ட போயி கதிரை உருவிப் பாத்தா உள்ள மணி இருக்காது. எல்லாம் பதர். வழக்கமா ஏக்கருக்கு 28 மூட்டை காணுற கழனியில அந்த வருஷம் 9 மூட்டைதான் கண்டது.

அந்தப் பொங்கலுக்கு மகன் சென்னையில இருந்து வந்தான். வந்தவன் திண்ணையில லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தான். டிராக்டர் சத்தம் கேட்டுச்சு.

“இன்னாடா அது?”

“விவசாயம்பா.”

எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. “நெஜக் கழனி அங்க பதராக் கெடக்குது, நீ பொட்டிக்குள்ள விவசாயம் பண்றியா?”ன்னு கேட்டுட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை கூடவே சொன்னேன். அதை இங்க எழுத வேணாம். அவன் பதில் பேசல. திரையை என் பக்கமாத் திருப்பி வச்சான். அதுல வரப்பு கட்டின வயல்ல தண்ணி தேங்கி நிக்குது. ஒரு எந்திரம் வரிசை வரிசையா நாத்து நட்டுக்கிட்டுப் போகுது.

சொம்பைக் கையில வச்சுக்கிட்டே நின்னு பாத்தேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. வீட்டுக்காரம்மா வந்து சொம்பை வாங்கிட்டுப் போனாங்க.

இப்ப கட்சிக்கு வர்றேன்.

இந்த ஆட்டத்தோட சரித்திரத்தை மகன்கிட்ட ஒரு பாகம் விடாம கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆரம்பத்துல கோதுமை, பார்லி, மக்காச்சோளம் மாதிரி ஐரோப்பாக்காரன் பயிரு. 2011 பாகத்துல மாடு வந்தது. 15-ல மரம் வெட்டுற வேலை வந்தது. 17-ல சூரியகாந்தி, சோயா, பன்றி. 2017 கடைசியில அதுக்கு ஒரு சேர்க்கை வந்தப்ப கரும்பு சேர்ந்தது. 19-ல பருத்தி, ஓட்ஸ், சவாரிக்குக் குதிரை. 22-ல பருவகாலம் வந்தது. திராட்சை, ஆலிவ், நம்ம சோளம்கூட வந்துடுச்சு. நெல்லு மட்டும் வரல. உலகத்துல பாதிப் பேருக்கு மேல அரிசிதான் ஆகாரம். ‘விவசாயம்’னு பேர் வச்ச ஒரு ஆட்டம் 2008-ல இருந்து 16 வருஷம் நெல்லு இல்லாமயே ஓடியிருக்கு. குதிரை சவாரி விவசாயத்துல சேர்ந்தது, நாத்து நடவு சேரல.

25-லதான் நெல்லு வந்தது. அதுவும் ரெண்டு விதமா வந்திருக்கு. ஒண்ணு, நீள அரிசி ரகம். அதை விதைப்பு எந்திரத்தால நேராவே விதைச்சிடலாம், நம்ம ஊர்ல புழுதி விதைப்புன்னு சொல்ற மாதிரி. இன்னொண்ணு நடவு நெல்லு. அதுக்கு வரப்போட வயல் அமைச்சு, தண்ணி நிரப்பி, நாத்துத் தட்டுகளை எந்திரத்துல ஏத்தி நடணும். ஜப்பான்காரங்க இசெகி கம்பெனி எந்திரம்கூட அதுல இருக்கு. கூடவே எருமையும் ஆடும் வந்திருக்கு. கிழக்காசிய ஊர் மாதிரி ஒரு இடத்தை உண்டாக்கி அதுக்கு ‘ஹுத்தான் பந்தாய்’னு பேர் வச்சிருக்காங்க. மலாய் பேச்சுல ஹுத்தான்னா காடு, பந்தாய்னா கடற்கரையாம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா இருக்கிற எங்க சவுக்குத் தோப்புக்கும் அந்தப் பேரு பொருந்தும்.

இதுல என்ன குத்தம் சொல்றாங்கன்னு மகன்கிட்ட கேட்டேன். அவன் கூட்டாளிங்க சொல்றதை மூணாப் பிரிச்சுச் சொன்னான்.

முதல் குத்தம்: நெல்லு வேலை நச்சு வேலையா இருக்கு. கோதுமைன்னா பெரிய விதைப்பு எந்திரத்தை ஜிபிஎஸ்ல விட்டுட்டு டீ குடிக்கலாம். நெல்லுன்னா வயலைக் கட்டு, தண்ணி விடு, நாத்தைத் தூக்கு, சின்ன எந்திரத்துல அங்குலம் அங்குலமா ஓட்டு. அவ்வளவு மெனக்கெட்டு எதுக்குன்னு கேக்குறாங்க.

இதைக் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நெல்லு போடுறதுன்னா அதுதானே! சொல்லப் போனா ஆட்டத்துல பாதி வேலையை விட்டுட்டாங்க. நாங்க சேடை ஓட்டணும், அண்டை வெட்டணும், வரப்பு அணைக்கணும், பரம்பு அடிக்கணும். பரம்பு அடிக்கிறதுன்னா வயலை மட்டம் பண்றது. ஒரு மூலை நாலு விரக்கடை மேடா இருந்தாப் போதும், அங்க தண்ணி ஏறாது, களை மண்டிடும். இந்தப் பக்கம் பள்ளமா இருந்தா நட்ட நாத்து அழுகும். நெல்லு தண்ணியில நிக்கிறது அதுக்குத் தண்ணி மேல ஆசைங்கிறதால மட்டும் இல்ல. தேங்கின தண்ணியில நெல்லு தாங்கும், களையில பாதி தாங்காது. அதுதான் சூட்சுமம்.

எங்க கடற்கரையில இன்னொரு காரணமும் இருக்கு. மண்ணுல உப்பு உண்டு. நல்ல தண்ணி தேங்கி நின்னாத்தான் உப்பு கீழ இறங்கும், நாத்து வேர் பிடிக்கும். உப்புத் தாங்குற ரகம்னுதான் கோ 43-யைத் தேடிப் போடுறோம். எங்க ஊர்ல ஒரே குடும்பத்துல அண்ணன் கழனிக்குப் போவாரு, தம்பி அளத்துக்குப் போவாரு. ரெண்டு இடத்துலயும் வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். வரப்பு போடணும், தரையை மட்டம் பண்ணணும், எவ்வளவு தண்ணி எப்ப விடணும்னு கணக்குத் தெரியணும். கழனியில உப்பைக் கீழ இறக்கணும், அளத்துல மேல கொண்டாரணும். மட்டம் தெரியாதவன் ரெண்டு இடத்துலயும் பிழைக்க முடியாது.

அந்த ஆட்டத்துல சேடையும் பரம்பும் இல்லாட்டிக்கூட, வயல்னா வரப்பும் தண்ணியும் வேணும், நாத்துன்னு ஒண்ணைத் தனியா வளர்த்துக் கொண்டாந்து நடணும்ங்கிறது இருக்கு. அதுவரைக்கும் வந்ததே பெரிய விஷயம். அரிசி மரத்துல காய்க்குதான்னு கேட்ட பட்டணத்துப் பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். அவங்க ஒரு தடவை இந்த நச்சு வேலையைச் செஞ்சு பாக்கட்டும். 2020-ல் ஜப்பான்ல ‘சகுனா’ன்னு ஒரு ஆட்டம் வந்ததாம். சாமியோட மக ஒரு தீவுல நெல்லு போடுற கதை. அதுல விளைச்சல் எடுக்கிறதுக்காக ஆடுறவங்க ஜப்பான் விவசாய அமைச்சகத்தோட இணையதளத்தைப் போயி படிச்சாங்களாம். நச்சு வேலையா இருந்தா யாரும் ஆட மாட்டாங்கன்னு சொல்றது சரியில்லைங்கிறதுக்கு அதுவே சாட்சி.

ரெண்டாவது குத்தம்: சூறாவளியும் ஆலங்கட்டி மழையும். 25-ல இது புதுசு. சுழிக்காத்து வந்து பயிரைப் பிச்சுக்கிட்டுப் போகும், ஆலங்கட்டி விழுந்து விளைச்சல் குறையும். இது வெறும் வேடிக்கை, நிம்மதியா ஆட வந்தவனுக்கு எதுக்கு இதுன்னு கேக்குறாங்க. அப்படி வேணாம்ங்கிறவங்களுக்கு அழிவை நிறுத்தி வைக்கிறதுக்கும் அதுலயே வழி வச்சிருக்காங்க. மகன் அதை எனக்குக் காட்டினான். ஒரு பொத்தானைத் தட்டினா காத்து வரும், போகும், பயிருக்கு ஒண்ணும் ஆகாது.

அந்தப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். நவம்பர் 30 ராத்திரி எனக்கு அப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அதனால அதைத் தட்டுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஆபீஸ்ல அடி வாங்கிட்டு வந்து நிம்மதிக்காக ஆடுறவன் பயிர் சாகுறதைப் பாக்க வேணாம்னு நினைக்கிறது தப்பில்ல.

ஆனா கம்பெனிக்காரன் அதைச் சேர்த்ததே தப்புன்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். 16 வருஷமா அந்த ஆட்டத்துல உழைச்சா விளையும்னு மட்டும்தான் இருந்திருக்கு. உழைச்சாலும் விளையாமப் போகலாம்ங்கிறதுதான் எங்க பிழைப்போட பாதி. அது இல்லாம ஆடி ஆடித்தான் பட்டணத்துல சில பேரு “கஷ்டப்பட்டா விவசாயத்துல சம்பாதிக்கலாமே, ஏன் அழுவுறாங்க”ன்னு பேசுறாங்களோன்னு எனக்குத் தோணுது. சொல்லப் போனா என் குறை வேற. எங்க கடற்கரையில காத்தை விடத் தண்ணிதான் கொல்லும். அந்த ஆட்டத்துல மழையால பயிர் முழுகாது. மழை பேஞ்சா அறுவடை எந்திரம் ஓடாது, அதோட சரி. வயல் வடியாம நாலு நாள் நிக்கிறது அதுல கிடையாது. அடுத்த பாகத்துல அதையும் சேர்த்தா நல்லது.

மூணாவது குத்தம்: பழசுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, கோளாறு நிறைய. கூலிக்கு வச்ச ஆளு டிராக்டரை மரத்துல முட்டிக்கிட்டு நிக்கிறான். சேத்துல சக்கரம் பதியும்னு பெருசா விளம்பரம் பண்ணாங்க, பதிஞ்ச தடம் கொஞ்ச நேரத்துல மறைஞ்சுபோகுது. இதுல எனக்கு வாதம் கிடையாது. காசு கொடுத்தவன் கேக்கத்தான் செய்வான். நான்கூட முளைக்காத விதையை வித்த கடைக்காரர் முன்னாடி போயி நின்னு சத்தம் போட்டவன்தான். கோளாறைத் திருத்தட்டும். மகன் சொல்றதைப் பாத்தா கொஞ்சம் கொஞ்சமாத் திருத்திக்கிட்டும் இருக்காங்க. ஆனா கோளாறு இருக்குங்கிறதுக்காக நெல்லைச் சேர்த்ததையும் சேர்த்துத் திட்டுறது, வரப்புல நண்டு வளை இருக்குன்னு கழனியையே வித்துடுறதுக்குச் சமம்.

இது வரைக்கும் ஆட்டத்தோட பக்கம் நின்னு பேசினேன். என்னோட குத்தத்தையும் சொல்லிடுறேன். ஒரு பக்கமாப் பேசினா நீங்க நம்ப மாட்டீங்க.

அந்த வயல்ல மனுஷங்க இல்ல. எனக்குப் பெரிய குறை அதுதான். நடவுன்னா எங்க ஊர்ல விடியக்காலையில பதினஞ்சு பொம்பளைங்க சேலையை ஏத்திச் சொருகிக்கிட்டு இறங்குவாங்க. ஒருத்தி நாத்து முடியை எறிவா, ஒருத்தி பிடிப்பா. ஊர் நியாயம் பூரா அங்கதான் பேசி முடிப்பாங்க. யாரு வீட்டுல கல்யாணம், யாரு மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா எல்லாம் நாத்தோட சேர்ந்து நடப்படும். மத்தியானம் வரப்புல உக்காந்து கூழு. அந்த ஆட்டத்துல ஒரு எந்திரம் தனியாப் போகுது, தனியா வருது.

இதை மகன்கிட்ட சொன்னேன். அவன் ஒண்ணு கேட்டான். “நம்ம கழனியில போன தடவை எத்தனை பேருப்பா வந்தாங்க?” எட்டுப் பேரு. அதுல அறுபது வயசுக்குக் கீழ ரெண்டு பேருதான். மீதிப் பேருக்கு இடுப்பு வலிக்குது. அவங்க பொண்ணுங்க கம்பெனி வேனுல ஏறி வேலைக்குப் போறாங்க. போகட்டும், நல்லா இருக்கட்டும். நாள் பூரா சேத்துல குனிஞ்சு நிக்கிற வேலையை அடுத்தவங்க பொண்ணு செய்யணும்னு ஆசைப்பட எனக்கு என்ன உரிமை? பாய் நாற்றங்கால் விட்டு எந்திர நடவு பண்றவங்க எங்க பக்கத்துலயும் வந்துட்டாங்க. பதினஞ்சு இருபது நாள் நாத்தைப் பாய் மாதிரிச் சுருட்டி எடுத்து எந்திரத்துல வைக்கிறாங்க. ஆட்டத்துல காட்டுற அந்தத் தனி எந்திரம் எங்க ஊருக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கு. அதனால ஆளில்லாத வயலைக் காட்டினதுக்கு ஆட்டத்தை மட்டும் திட்ட முடியல.

பூச்சி இல்லைங்கிறது அடுத்த குறை. களை இருக்கு, கல்லு இருக்கு. புகையான் கிடையாது, எலி கிடையாது, காட்டுப்பன்னி கிடையாது. எருமைப் பால்ல மொசரெல்லா பாலாடைக்கட்டி பண்றாங்க. எருமைத் தயிரு தெரியாதவன் எழுதினதுன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.

விலை விஷயம் தனி. ஆட்டத்துல விளைஞ்சதைக் குதிர்ல கொட்டி வச்சுட்டு, எந்த மாசம் எந்த இடத்துல விலை ஏறுதோ அன்னைக்குக் கொண்டுபோய்க் கொட்டினா உடனே பணம் ஏறிடும். இங்க 2024-25-ல நம்ம தமிழ்நாட்டுக் கொள்முதல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரகம் குவிண்டாலுக்கு 2,405 ரூபா, சன்ன ரகம் 2,450 ரூபா. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மார்கழிப் பனியில நெல்லைக் காய வச்சு அந்த 17-க்குக் கொண்டாறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். விலை ஏறுற வரைக்கும் வச்சிருந்து விக்கிறவன் கடன் இல்லாதவன். நகையை அடகு வச்சு நட்டவன் களத்துலயே வித்துடுவான். அதை ஆட்டத்துல கொண்டாரணும்னா அடகுக் கடையும் வைக்கணும்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் இந்தக் கட்சிங்கிறீங்களா? சொல்றேன்.

ஊர்ல பெரியவங்க சில பேரு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. “புள்ள பொட்டிக்குள்ள கழனி போடுறான், நீ உக்காந்து வேடிக்கை பாக்குற. நெஜக் கழனிக்கு அவன் வருவானா?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. எங்க பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டின நிலத்துல கல்லு நட்டு மனை போட்டுக்கிட்டே வர்றாங்க. என் கழனிக்கு ரெண்டு வயல் தள்ளி வரைக்கும் வெள்ளைக்கல்லு வந்தாச்சு. புயலுக்கு அடுத்த மாசமே ஒரு தரகர் வந்து திண்ணையில உக்காந்து, “இன்னும் எத்தனை வருஷம்ணே?”ன்னு கேட்டுட்டுப் போனாரு. அவரு கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மகன் வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. வாடான்னு நான் சொல்லவும் இல்ல. அவன் சம்பளத்துலதான் அந்த வருஷம் நகையை மீட்டோம். ஆனா நடந்த ஒண்ணைச் சொல்றேன். பொங்கல் முடிஞ்சு அவன் கிளம்புறதுக்கு முதல் நாள் சாயந்திரம் என்கிட்ட கேட்டான்: “அப்பா, நம்ம கழனியில எந்தப் பக்கம் மேடு?”

பொறந்ததுல இருந்து அவன் அந்தக் கழனியில ஓடி விளையாடினவன். ஒரு நாளும் அதைக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. படிக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு பேரும் நடந்து போனோம். வடகிழக்கு மூலையைக் காட்டினேன். எங்க அப்பா காலத்துல இருந்து அந்த மூலைதான் தகராறு, எத்தனை பரம்பு அடிச்சாலும் திரும்ப ஏறிக்கும். மடை எங்க, வடிகால் எங்க, பக்கத்துக் கழனிக்காரங்ககிட்ட எதுக்குச் சண்டை வந்தது எல்லாம் சொன்னேன். வடிகாலை ஒரு முழம் ஆழமா வெட்டியிருந்தா புயல் தண்ணி ஒரு நாள் முன்னாடியே வடிஞ்சிருக்குமான்னு கேட்டான். வடிஞ்சிருக்கலாம். எனக்கே அது அப்பத்தான் உறைச்சுது. அந்தச் சித்திரையில ஆள் வச்சு வெட்டினேன்.

ஆட்டத்துல வயல் அமைக்கிறப்ப வரப்பு, தண்ணி, மட்டம்னு அவன் மண்டையில ஏறினதாலதான் அந்தக் கேள்வி வந்தது. கோதுமை விதைக்கிற பழைய பாகத்தை அவன் நாலஞ்சு வருஷமா ஆடிக்கிட்டுத்தான் இருந்தான். அதை ஆடிட்டு வந்து என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. கேக்குறதுக்கு அதுல எங்களோடது ஒண்ணும் இல்ல. ஜெர்மன்காரன் பிள்ளைக்கு அவங்க அப்பன் ஓட்டுற எந்திரம் அதுல இருந்தது. அமெரிக்காக்காரன் பிள்ளைக்கு அவன் ஊர் மக்காச்சோளம் இருந்தது. என் பிள்ளைக்கு அவங்க அப்பன் செய்யுற வேலை 25-லதான் வந்தது. இதுக்காகத்தான் இந்தப் பாகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறேன்.

இதைப் படிக்கிற பட்டணத்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பிள்ளைங்க இதை ஆடுறாங்கன்னா கோதுமையோட விடாதீங்க. ஒரே ஒரு வயல் நடவு நெல்லு போடச் சொல்லுங்க. நச்சு வேலைன்னு அலுத்துக்கிட்டா அலுத்துக்கட்டும். சுழிக்காத்து அழிவை நிறுத்துற பொத்தானை ஒரு வருஷத்துக்கு மட்டும் தொடாம ஆடச் சொல்லுங்க. விளைஞ்சது போச்சுன்னா எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அதுக்கப்புறம் பொத்தானைத் தட்டிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒண்ணு. அடுத்த பாகத்துல மல்லாட்டை போடுங்க. முடிஞ்சா ரெண்டு பாத்தி உப்பளமும் போடுங்க. மட்டம் எப்படிப் பாக்குறதுன்னு கேட்டா மரக்காணத்துல சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு.

அடுத்த பதிவுல தர்பூசணிக்கு இந்த வருஷம் ஏன் விலை விழுந்ததுன்னு எழுதுறேன். வர்றேன்.